ஐந்தடி உயரத்துக்கு ஒரு மலை மிதிவண்டி

டேராடூன் கிளையில் பணியாற்றிய மூன்று ஆண்டுகளில், ஞாயிறுதோறும் விடியற்காலையில் மால்தேவ்தா வரை மிதிவண்டியில் சென்று வருவதை நாங்கள் ஐந்து பேர் வழக்கமாகக் கொண்டிருந்தோம். சோங் ஆற்றை ஒட்டிச் செல்லும் தார்ச்சாலையை விட்டு விலகினால், கூழாங்கற்கள் நிறைந்த மண்தடங்கள் மலைச்சரிவில் ஏறும். மலை மிதிவண்டிக்கு உண்மையான வேலை அங்கேதான். எங்கள் ஐவரில் ஒருவர் மட்டுமே பெண். காசாளராக இருந்த அவர் வயதில் எங்கள் அனைவருக்கும் இளையவர். உயரம் ஐந்தடிக்குச் சற்றே குறைவு. தார்ச்சாலையில் எங்களையெல்லாம் முந்திச் செல்பவர், மண்தடம் தொடங்கியவுடன் பின்தங்கிவிடுவார். அச்சம்தான் காரணம் என்று நாங்கள் எண்ணினோம். அவரிடமே சொல்லவும் செய்தோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மார்ச் மாதக் காலையில், இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்க இயலாமல் ஓடைக்கல்லில் மோதி விழுந்தார். இடக்கை மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. வண்டி குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வைக்குள் அடைக்கலம் புகுந்தது. அதற்கான மாதத்தவணை மட்டும் தவறாமல் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருந்தது.

அந்த வண்டி தள்ளுபடி விற்பனையில் 38,000 ரூபாய்க்கு வாங்கியது. அளவு மீடியம். கடையில் அன்று இருந்தது அந்த ஓர் அளவுதான். "சீட்டை இறக்கிவிட்டால் சரியாகிவிடும்" என்று விற்பனையாளர் சொன்னதை அவர் நம்பினார். உடன் சென்றிருந்த நாங்களும் நம்பினோம். கடன் கேட்டு வருபவரிடம் பத்து ஆவணங்கள் கேட்கும் நாம், நாற்பதாயிரம் ரூபாய் பொருளுக்கு ஒரு வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டோம்.

கட்டு பிரித்த பிறகு, விற்றுவிடும் எண்ணத்துடன் வண்டியைச் சரிபார்க்க ஒரு முதிய மெக்கானிக்கிடம் எடுத்துச் சென்றோம். அவர் சக்கரத்தையோ சங்கிலியையோ பார்க்கவில்லை. "தீதி, உட்காருங்கள், பிரேக்கைப் பிடியுங்கள்" என்றார். அவர் விரல்களின் நுனி மட்டுமே பிரேக் பிடியைத் தொட்டது. மெக்கானிக் ஓர் அலென் கீயை எடுத்து, பிடியின் உட்புறம் இருந்த சிறு திருகைத் திருகினார். பிடி ஒரு விரற்கடை அளவு கைக்கு நெருங்கி வந்தது. இரண்டு நிமிட வேலை, கூலியும் வாங்கவில்லை. பெரும்பாலான ஹைட்ராலிக் பிரேக்குகளில் இந்தத் திருகு உண்டு என்பதும், ஒற்றை விரலால் பிடியின் நுனியை எட்டி வண்டியை நிறுத்த இயலவேண்டும் என்பதும் எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மணிக்கட்டு முறிவுக்கும் அச்சத்துக்கும் தொடர்பில்லை என்பதும்.

பிறகு அவர் அளக்கத் தொடங்கினார். காலணியின்றிச் சுவரோடு ஒட்டி நிற்கச் செய்து, கால்களுக்கிடையே ஒரு தடித்த பேரேட்டை மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்தார். 69 சென்டிமீட்டர். வண்டியின் மேல்குழாயோ தரையிலிருந்து 75 சென்டிமீட்டர். கரடுமுரடான தடத்தில் சட்டென்று நின்று இரு கால்களையும் ஊன்ற வேண்டுமானால், மேல்குழாய் உடலுக்கு ஐந்து சென்டிமீட்டராவது கீழே இருக்கவேண்டும். இவருக்கு ஆறு சென்டிமீட்டர் மேலே இருந்தது. மேட்டில் நிற்கும்போதெல்லாம் வண்டியை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் அவர் நின்றிருக்கிறார்.

சீட்டை இறக்குவது இதற்கு மருந்தாகாது. மலை இறக்கத்தில் ஓட்டுபவர் சீட்டில் அமர்வதே இல்லை. பெடல்மேல் நின்றபடிதான் இறங்குகிறார். அப்போது வண்டியை ஆள்வது, பெடல் அச்சிலிருந்து கைப்பிடி பொருந்தும் தலைக்குழாய் வரையுள்ள கிடைமட்டத் தூரம். அதைத் தயாரிப்பாளர்கள் ரீச் என்ற பெயரில் மில்லிமீட்டர் கணக்கில் அளவு அட்டவணையில் அச்சிடுகிறார்கள். அந்தத் தூரம் நீண்டுவிட்டால் ஓட்டுபவர் கைகளை விறைப்பாக நீட்டியே இறங்க நேரும். உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்து வலிக்கும், முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. எங்கள் தோழியர் மாதக்கணக்கில் சொல்லிவந்த குறைகள் இவையேதான்.

சில்லறைச் செலவில் தீர்ந்தவையும் உண்டு. ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் அறுத்தெடுத்ததும் தோள்வலி குறைந்தது. அறுத்ததை ஒட்ட முடியாது என்பதால் சிறிது சிறிதாக அறுக்கவேண்டும். நெளிவு அட்டைமேல் அமரச்செய்து, இருக்கை எலும்புகள் பதித்த இரு குழிகளின் நடுத்தூரத்தை அளந்ததில் 13 சென்டிமீட்டர் வந்தது. அதற்கு ஏறக்குறைய 15.5 சென்டிமீட்டர் அகலமுள்ள சீட் பொருந்தும். வண்டியோடு வந்ததோ மெத்தென்ற, ஆனால் ஒடுங்கிய சீட். பெண்களின் இடுப்பெலும்பு பொதுவாக ஆண்களைவிட அகன்றது. அந்த எலும்புக்கு அடியில் தாங்கல் இல்லாவிட்டால் பஞ்சு எவ்வளவு இருந்தும் பயனில்லை. 2,200 ரூபாயில் புதிய சீட் வாங்கினோம்.

ஆனால் சட்டகத்தைச் சுருக்க எந்தத் திருகும் இல்லை. முன் ஃபோர்க்கும் அவருக்குத் துணை செய்யவில்லை. விலை குறைந்த வண்டிகளில் உள்ள இரும்புச் சுருள் ஃபோர்க் பெரும்பாலும் கனமான ஆளை எண்ணிச் செய்யப்படுவது. 48 கிலோ எடையுள்ளவர் ஏறினால் அது அசைவதே இல்லை. இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட வீண்சுமை அவ்வளவே. காற்றடைத்த ஃபோர்க்கில் அவரவர் எடைக்கேற்பக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஏறி நின்றால் அதன் மொத்த அசைவில் கால்பங்கு அமிழ்ந்தால் சரி.

அப்படியென்றால் லேடீஸ் சைக்கிள் வாங்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நம் நாட்டில் அந்தப் பெயர் குறித்தது பெரும்பாலும் தாழ்த்தி வளைத்த மேல்குழாயைத்தான். அது சேலைக்கும் பாவாடைக்கும் செய்த வசதி, உடல் அளவுக்குச் செய்ததன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றபோது, லேடீஸ் சைக்கிள்கள் போதாமல் ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். முன்குழாயில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதை விரும்பியவர்களும் இருந்தார்கள். 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டிக்கெனப் பணம் வழங்கத் தொடங்கியதும் பள்ளிக்குச் செல்லும் வழியை மாற்றிய முயற்சியே. வண்டி கிடைப்பதே பெரிதாக இருந்த இடங்களில் அளவைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்?

உடலளவு குறித்த கேள்வியை முன்னரே எழுப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி. 1985இல் பெண்களுக்கென நிறுவனம் தொடங்கிய அவர், உயரம் குறைந்தவர்களுக்காக முன்சக்கரத்தைச் சிறியதாக்கிச் சட்டகத்தைக் குறுக்கினார். பின்னர் தைவானின் ஜயன்ட் நிறுவனத்தில் பானி டூ, லிவ் என்னும் பெண்களுக்கான தனிப் பெயரை உருவாக்கினார். ஸ்பெஷலைஸ்டு போன்ற சில நிறுவனங்களோ, ஆண் பெண் வேறுபாட்டைவிட ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாடே பெரிது என்று கூறி, பெண்களுக்கெனத் தனிச் சட்டகம் செய்வதைக் கைவிட்டன. எங்கள் அனுபவம் இரண்டாம் கட்சியின் பக்கமே சாய்கிறது. வண்டியில் ஒட்டியுள்ள பெயரோ நிறமோ பொருட்டல்ல; எக்ஸ்எஸ் என்னும் மிகச்சிறிய அளவு கடையில் உண்டா என்பதே கேள்வி. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 சென்டிமீட்டர். ஆகவே அந்த அளவு இங்கே அரிய தேவையன்று. ஆயினும் டேராடூனில் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் அது இருப்பில் இல்லை. டெல்லியில் ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையிலும் ஒரு சனிக்கிழமை முழுவதும் அலைந்தோம். "ஆர்டர் போட்டால் வரும்" என்பதே பொதுவான விடை. முன்பணம் கட்டி, அளவு பொருந்தாவிடில் திருப்பித் தரலாம் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, ஆறு வாரம் காத்திருந்தோம்.

வந்த வண்டியின் விலை 46,000 ரூபாய். மேல்குழாய் 64 சென்டிமீட்டரில் இருந்தது. பெரிய அளவுகளில் 29 அங்குலச் சக்கரம் பொருத்தும் அதே மாடலில், இந்தச் சிறிய அளவுக்கு 27.5 அங்குலச் சக்கரம். கைப்பிடி அதனால் மார்புக்கு ஏறாமல் இடுப்பளவில் நின்றது. பெடல் கைகளும் குறுகியவை. ஃபோர்க் காற்றடைத்தது. பழைய வண்டி 24,000 ரூபாய்க்கு விலைபோனது. அதன் அடிப்புறம் பொறித்த சட்டக எண்ணை ரசீதோடு ஒப்பிட்டுக் காட்டிய பிறகே வாங்க வந்தவர் பணம் தந்தார். கைவிட்டுப் போனது 14,000 ரூபாயும் ஆறு வார மாவுக்கட்டும். 2,200 ரூபாய் சீட் மட்டும் வீணாகாமல் புதிய வண்டிக்கு மாறிக்கொண்டது.

முதல் ஞாயிறு அவர் மண்தடத்தில் வேகமாகச் செல்லவில்லை. இறக்கத்தின் நடுவே வேண்டுமென்றே மூன்று இடங்களில் நின்று, இரு கால்களையும் ஊன்றிப் பார்த்துக்கொண்டார். நான்காம் ஞாயிறு முதல் ஆற்றங்கரைத் தேநீர்க்கடையில் எங்களுக்காக அவர் காத்திருப்பது வழக்கமாயிற்று.

பழைய வண்டியை வாங்கியவர் ஐந்தடி எட்டங்குல உயரமுள்ள கல்லூரி மாணவர். அவரையும் அதே தடத்தில் ஓரிரு முறை கண்டோம். வண்டி அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.