விலைவாசியும் நோயாளியின் வீட்டு அடுப்பும்



விலைவாசி உயர்வு நமக்குப் பழகிப்போன செய்தி. ஆனால் அது ஒரு நோயாளியின் வீட்டில் என்ன செய்கிறது என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த செம்பாக்கத்தில், வாடகை வீட்டில் இருந்துகொண்டு கொத்து வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற குடும்பங்கள் அநேகம். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

சென்னையில் 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 2020 நவம்பரில் 610 ரூபாய். 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. பின்பு இருமுறை குறைக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் மீண்டும் 50 ரூபாய் கூட்டப்பட்டபோது 868 ரூபாய் 50 காசு ஆயிற்று. இறங்கியும் பழைய விலைக்கு அது வரவில்லை. "பணவீக்கம் குறைந்தது" என்று செய்தியில் சொன்னால் விலை இறங்கிவிட்டது என்று பொருளல்ல. ஏறும் வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கூலி அதற்கு ஈடாக ஏறாத வீட்டில் எதையாவது குறைத்தே தீர வேண்டும்.

எதைக் குறைப்பார்கள்? வாடகையைக் குறைக்க முடியாது. பள்ளிக் கட்டணத்தையும் கடன் தவணையையும் வெகுநாள் தள்ளிப்போட முடியாது. குடும்பத்தின் கைக்குள் இருப்பவை சாப்பாடும் மருந்தும்தான். நம் மாநிலத்தில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் உலை வைக்க அரிசி உண்டு. ஆனால் மானிய விலையில் கிடைக்கும் துவரம் பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். அது தீர்ந்ததும் சாம்பார் போய் ரசம் வரும். முட்டையும் காய்கறியும் நின்றுபோகும். கடைசியாகச் சாப்பிட உட்காரும் தாய்க்குச் சோறு மட்டுமே மிஞ்சும். வயிறு நிறைவதால் இந்தக் குறைவு வெளியே தெரிவதில்லை.

மருத்துவமனையில்தான் அது தெரிகிறது. சர்க்கரை நோயாளி வெறும் சோற்றைச் சாப்பிட்டு, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால், கால் புண் ஆறாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரிய சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. ஆனால் தினசரி மாத்திரையை அது வாங்கித் தருவதில்லை. காசநோயில் உணவின் பங்கு இன்னும் தெளிவானது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவர்களுக்குள் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. காசநோயாளிகளின் உணவுக்காக மத்திய அரசு 2018 முதல் கொடுத்துவந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்தது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அறுப்பின் பண்டிகையில் நம் சபைகள் அரிசி மூட்டைகளை அன்போடு கொண்டுவருகின்றன. இம்முறை பாதியைப் பருப்பு, வேர்க்கடலை, எண்ணெய், முட்டை என்று மாற்றிக் கொடுங்கள். உங்கள் தெருவில் சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை போடுகிறவர்களிடம், "இந்த மாதம் மாத்திரை வாங்கியாயிற்றா?" என்று கேளுங்கள். இல்லையென்றால், 2021 முதல் வீடு தேடி வந்து அந்த மாத்திரைகளை இலவசமாகத் தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சொல்லி, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்களே அதிகம். அவர்களை முந்திக்கொண்டு நாம் கேட்க வேண்டும்.