இறுகிய கொளுவியும் இல்லத்தாரின் பயணமும்

கனடா தேசத்திலே குளிர்காலம் நெடியது; கோடையோ குறுகியது. ஆதலின், மே மாதத்து விக்ரோறியா தின விடுமுறை தொடக்கம் செப்ரெம்பரில் வரும் தொழிலாளர் தினம் வரையுள்ள சில மாதங்களை அந்நாட்டு மக்கள் பொன்னெனப் போற்றுவர். வார இறுதி வந்துவிட்டால் ரொறொன்ரோ நகரிலிருந்து வடக்கே சிம்கோ ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் நோக்கிச் செல்லும் சாலைகளில் மோட்டார் வண்டிகள் சாரிசாரியாகச் செல்லும். அவற்றுட் பலவற்றின் பின்னே ‘ட்ரெயிலர்’ எனப்படும் இழுபடும் வண்டி ஒன்று தொடரும். சிலவற்றிலே படகு இருக்கும். சிலவற்றிலே கூடாரமும் சமையற் சாமான்களும் இருக்கும். சிலவோ சக்கரம் பூட்டிய சிறு வீடுகளாகவே அமைந்திருக்கும். நம் நாட்டிலிருந்து சென்று அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டோர் உளர்.

இத்தகைய பயணங்கள் புறப்படும் வேளையிலேயே தடைப்படுவதுண்டு. பிள்ளைகள் வண்டியில் ஏறி அமர்ந்துவிட்டனர். உணவுப் பெட்டிகளும் ஏற்றப்பட்டுவிட்டன. ஆனால் ட்ரெயிலரின் முனையிலுள்ள கொளுவி, மோட்டார் வண்டியின் பின்னுள்ள குண்டின்மேல் இறங்க மறுக்கின்றது. அல்லது இறங்கிய பின் பூட்டு விழ மறுக்கின்றது. ‘இறுக்கமாயிருந்தால் நல்லதுதானே, கழன்று போகாது’ என ஒருவர் சொல்ல, இன்னொருவர் சுத்தியலை எடுத்து வருகிறார். சுத்தியலால் அடித்துப் பூட்டிய அக்கொளுவியை நம்பித்தான் முழுக் குடும்பமும் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லப்போகின்றது. இஃது எத்துணை அபாயமானது என்பதையும், இறுக்கத்தை நீக்கும் முறையான வழி யாது என்பதையும் இங்கு ஆராய்வோம்.

குண்டும் கிண்ணமும்

நம் நாட்டு வயல்வெளிகளில் உழவு இயந்திரத்தின் பின்னே பெட்டியைப் பூட்டும் முறையை வாசகர்கள் கண்டிருப்பர். வளையத்தின் ஊடாக ஒரு தடித்த ஊசியைச் செருகுவர், அவ்வளவே. வளையத்துக்கும் ஊசிக்கும் இடையில் தாராளமான இடைவெளி இருக்கும். ஓடும்போது கடகடவென ஒலி எழும். மெதுவாகச் செல்லும் வண்டிக்கு அது போதும். பெருஞ்சாலையில் விரைந்து செல்லும் வண்டிக்கோ அத்தகைய ஆட்டம் ஆகாது. அதே வேளையில், வளைவிலே பக்கம் திரும்பவும், மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கவும், ஒரு சக்கரம் குழியில் விழும்போது சாய்ந்து கொடுக்கவும் இணைப்புக்கு இயலவேண்டும். இம்மூவகை அசைவுக்கும் இடங்கொடுக்கும் வடிவம் உருண்டையே ஆகும். நம் தோள்மூட்டு அமைந்திருப்பதும் இவ்வாறன்றோ?

எனவே மோட்டார் வண்டியின் பின்புறத்தில் உருக்குக் குண்டு ஒன்றும், ட்ரெயிலரின் முனையில் அக்குண்டின்மேற் கவிழும் கிண்ணம் ஒன்றும் அமைத்தனர். கிண்ணத்தின் உள்ளே ஒரு கவ்வி உண்டு. மேலேயுள்ள நெம்பை அழுத்தியதும் அக்கவ்வி குண்டின் இடுப்புக்குக் கீழே வந்து அணைத்துக்கொள்ளும். கொளுவியின் அடிப்பாகத்தில், சுருள்வில்லோடு கூடிய ஆணியும் சுரையும் பலவகைக் கொளுவிகளில் அமைந்துள்ளன. அச்சுரையை இறுக்கினால் கவ்வி குண்டை நெருங்கும், தளர்த்தினால் விலகும். நம் கட்டுரைக்குரிய சிக்கலின் சூட்சுமம் பெரும்பாலும் இச்சிறு சுரையிலேதான் அடங்கியுள்ளது. எனினும் முதலிற் கைவைக்க வேண்டிய இடம் அதுவன்று.

அளவை நோக்குக

முதலில் ஆராய வேண்டியது அளவு. வட அமெரிக்காவில் சாதாரண ட்ரெயிலர்களுக்குரிய குண்டுகள் மூன்று அளவில் வழங்குகின்றன: ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம், இரண்டு அங்குலம், இரண்டேகாலே வீசம் அங்குலம் என்பன அவை. மில்லிமீற்றரிற் கூறுவதாயின் முறையே 47.6, 50.8, 58.7 ஆகும். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பெருவழக்காயுள்ளது 50 மில்லிமீற்றர்க் குண்டு. இரண்டு அங்குலக் குண்டுக்கும் இதற்குமுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றரிலும் குறைவே. கண்ணால் நோக்கி எவராலும் பிரித்தறிய இயலாது. ஆயினும் 50 மில்லிமீற்றருக்கென வார்த்த கிண்ணத்தை இரண்டு அங்குலக் குண்டின்மேல் வைத்தால் அது சிக்கிக்கொள்ளக் கூடும்.

குண்டின் உச்சியிலும் கொளுவியின் மேற்புறத்திலும் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். தூசியையும் பழைய கிறீஸையும் துடைத்துவிட்டு அவ்விரண்டையும் ஒப்புநோக்குக. அவை ஒவ்வாவிடின் குண்டை மாற்றுவதன்றி வேறு வழி இல்லை. குண்டை அரத்தினால் அராவிச் சிறிதாக்குவதும், கிண்ணத்தைத் தட்டி விரிப்பதும் உயிரோடு விளையாடும் செயல்களாம்.

இங்கே ஒன்றை ஊன்றி உணர்தல் நன்று. சிறிய கிண்ணம் பெரிய குண்டில் இறங்காது. அஃது ஒருவகையில் நன்மையே, முற்றத்திலேயே எச்சரித்துவிடுகின்றது. பெரிய கிண்ணமோ சிறிய குண்டின்மேல் இலகுவாக இறங்கும், பூட்டும் விழும், எவருக்கும் ஐயம் தோன்றாது. பாதையில் முதலாவது பெரும் மேட்டிலே அது துள்ளிக் கழன்றுவிடும். ஆதலின், ‘இலகுவாகப் பூட்டிக்கொண்டது’ என்பதொன்றே நற்சான்று ஆகாது.

இறுக்கத்தின் காரணங்கள்

அளவு ஒத்திருந்தும் இறுகுகின்றதெனில் காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடவேண்டும்.

முதலாவது காரணம் கறள். ஒன்ராறியோ மாகாணத்தில் பனிகாலத்தில் பாதைகளில் உப்புத் தூவுவர். அவ்வுப்பு நீர் உருக்கை அரிக்கும். இரும்பு கறளாகும்போது அதன் பருமன் பெருகுவதால், மாதக்கணக்காக வெளியில் நின்ற ட்ரெயிலரின் கிண்ணம் உட்புறம் ஒடுங்கிப்போகின்றது. கவ்வியின் அச்சும் சுருள்வில்லும் அசைய மறுக்கின்றன.

இரண்டாவது, சென்ற ஆண்டிற் பூசிய கிறீஸ் மண்ணோடு கலந்து களிபோலக் காய்ந்து கிண்ணத்தின் உச்சியில் ஒட்டியிருத்தல். மூன்றாவது தீந்தை. புதிய கொளுவியிலோ புதிதாக நிறந்தீட்டிய கொளுவியிலோ உட்புறத்திற் படிந்த தடித்த தீந்தையே போதும், பூட்டு விழாமற் செய்ய. நான்காவது, முன் கூறிய சுரையை யாரோ அளவுக்கு மீறி இறுக்கிவிட்டிருத்தல். ஐந்தாவது, எங்கேனும் மோதிக் கவ்வியோ கிண்ணமோ நெளிந்திருத்தல்.

‘குளிரினால் உருக்குச் சுருங்கிவிட்டது’ என்று கூறுவோரும் உளர். இரண்டு அங்குல உருக்கானது 30 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கே மாறும். குண்டும் கிண்ணமும் ஒருசேரச் சுருங்குவதால் அவ்வேறுபாடும் புலப்படாது. குளிரின்மேற் பழியைப் போட்டுவிட்டு உண்மைக் காரணத்தைத் தேடாதிருத்தல் கூடாது.

இவையெல்லாவற்றினும் எளிய காரணம் ஒன்றுண்டு. வண்டிகள் சாய்வான தரையில் நிற்கையில் ட்ரெயிலரின் பாரம் முன்னோ பின்னோ குண்டை அழுத்திக்கொண்டிருக்கும். அவ்வழுத்தத்தினாற் பூட்டு அசையாதிருக்கும். இங்கே கொளுவியிற் குற்றமில்லை. நிறுத்திய நிலத்திலேதான் குற்றம்.

சீர்செய்யும் முறை

சமதரையில் வண்டிகளை நிறுத்தி, ட்ரெயிலரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வைத்தல் வேண்டும். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுக. இரு வண்டிகளுக்கும் இடையில் எவரும் நிற்றலாகாது. கிண்ணத்தினுள் விரலை நுழைத்துப் பார்க்கும் வழக்கமும் ஆகாது. ஒரு குச்சியாலோ துணி சுற்றிய கோலாலோ துழாவுக.

பூட்டு வெறும் அழுத்தத்தினால் இறுகியிருப்பதாயின், மோட்டார் வண்டியை ஓரிரு அங்குலம் மட்டும் முன்னோ பின்னோ நகர்த்துக, தானாகவே இளகிவிடும். இளகாவிடின், ட்ரெயிலரைக் கழற்றி, அதன் முனையை அதற்குரிய ஜாக்கின்மீது உறுதியாக நிறுத்தி, கிண்ணத்தைத் துப்புரவு செய்தல் வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியாற் பழைய கிறீஸைத் துடைத்து, கம்பித் தூரிகையாற் கறளையும் தீந்தையையும் சுரண்டி, மூட்டுகளில் ஊடுருவும் எண்ணெயை இட்டுச் சிறிது நேரம் ஊறவிடுக. பின்னர் நெம்பைப் பலமுறை திறந்து மூடிப் பார்க்க. மெழுகுபோல நெளிந்தோ, வெடிப்புற்றோ காணப்படும் கொளுவியைத் திருத்த முயலாது புதியதொன்றை இடுவித்தல் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னரே சுரையிற் கைவைக்கலாம். ஸ்பனரினால் அதனைக் காற்சுற்றுத் தளர்த்துக. கொளுவியைக் குண்டின்மேல் முற்றாக இறக்கி, பூட்டைப் போட்டுப் பார்க்க. போதாதெனின் இன்னுமொரு காற்சுற்று. ஒரே தடவையில் மூன்று நான்கு சுற்றுகள் தளர்த்துவது பெருந்தவறு. இறுக்கம் என்னும் குறை நீங்கி, தளர்வு என்னும் அதனிலும் கொடிய குறை வந்து சேரும். கையாலே நெம்பை மூட இயலவேண்டும். மூடிய பின் குண்டுக்கும் கவ்விக்கும் இடையில் உணரத்தக்க ஆட்டம் இருத்தலாகாது. இவ்விரண்டும் ஒருங்கே அமையும் நிலையே சரியான நிலை. சரிசெய்யும் சுரை இல்லாத கொளுவிகளும் உள்ளன. ஆதலால் செய்தோர் தந்த குறிப்பேட்டை ஒருமுறை படித்தல் நன்று.

பூட்டியதும் சோதிக்க

பூட்டு விழுந்த ஓசையை மட்டும் நம்புதல் தகாது. கவ்வியானது குண்டின் கீழே செல்லாது அதன் மேலேயே தங்கியிருக்கும் நிலையிலும் நெம்பு மூடியதுபோலத் தோன்றுவதுண்டு. குனிந்து, கைவிளக்கின் ஒளியில் அடிப்பக்கத்தை நோக்குக. கவ்வி குண்டின் அடியை அணைத்திருத்தல் வேண்டும். அடுத்து, நெம்பிலுள்ள துளையிற் பூட்டூசியைச் செருகி, ட்ரெயிலரின் ஜாக்கைச் சுற்றி முனையைச் சிறிது உயர்த்துக. மோட்டார் வண்டியின் பின்புறமும் அதனோடு சேர்ந்து எழும்பினால் இணைப்பு உறுதி. கொளுவி மட்டும் தனியே எழுந்து வருமாயின், அது பெருஞ்சாலையிற் செய்யவிருந்ததை முற்றத்திற் செய்து காட்டிவிட்டது என மகிழ்க.

இணைப்பு எத்துணை உறுதியாயினும் சங்கிலிகளை மறத்தலாகாது. ஒன்ராறியோவின் போக்குவரத்துச் சட்டம் ட்ரெயிலருக்கு இருவேறு இணைப்புகள் இருத்தல் வேண்டுமென விதிக்கின்றது. சங்கிலிகளைக் கொளுவியின் கீழே ஒன்றையொன்று குறுக்கிடுமாறு பூட்டுவர். கொளுவி கழன்றாலும் ட்ரெயிலரின் முனை நிலத்திற் குத்தாது, அச்சங்கிலித் தொட்டிலில் விழுந்து தாங்கப்படும். ஓடும் ட்ரெயிலரினுள் எவரும் இருத்தலாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சிறு வீடுபோன்ற அவ்வண்டியினுள் விளையாடிக்கொண்டு வரப் பிள்ளைகள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் பெற்றோர் இடங்கொடுத்தலாகாது.

கிறீஸ் பற்றியும் ஒரு சொல். சாதாரணக் குண்டுக்கு மெல்லிய பூச்சு ஒன்று தேய்மானத்தையும் கிறீச்சொலியையும் குறைக்கும். ஆனால் ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில், ட்ரெயிலர் பக்கவாட்டில் ஆடாதிருக்கும்பொருட்டு உராய்வுப் பட்டைகள் கொண்ட கொளுவியைப் பூட்டுவர். அதற்குரிய குண்டிலே கிறீஸும் ஆகாது, தீந்தையும் ஆகாது. உலர்ந்த துப்புரவான உருக்கே வேண்டும். குண்டும் காலப்போக்கில் தேயும். 50 மில்லிமீற்றர்க் குண்டு எந்தப் பக்கத்திலேனும் 49 மில்லிமீற்றராகத் தேய்ந்துவிட்டால் அதனை மாற்றுதல் வேண்டும்.

அரைமணி நேரம்

மேற்கூறிய எல்லாவற்றையும் செய்துமுடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டியதில்லை. அதனையும் பயணம் புறப்படும் காலைப் பொழுதில் அல்லாது, அதற்கு முந்திய வாரத்திலேயே செய்துவிடுதல் விவேகம். அவசரத்திலே மனிதன் சுத்தியலைத் தேடுவான்; ஓய்விலேதான் காரணத்தைத் தேடுவான். குளிர்காலத்துக்கென ட்ரெயிலரை ஒதுக்கி வைக்கும் நாளில் கிண்ணத்தைத் துடைத்து, எண்ணெயிட்டு, மழையும் பனியும் புகாவண்ணம் மூடிவைப்பாராயின் வசந்தத்திற் பாதிப் பிரச்சினை எழாது.

கனடாவில் உறவினர் உள்ள வாசகர்கள், அடுத்தமுறை தொலைபேசியில் அவர்களோடு உரையாடும்போது ஏரிக்கரைப் பயணத்தைப் பற்றிய பேச்சு வருமாயின், ‘கொளுவியை அடியிற் குனிந்து பார்த்தீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நன்று.