பால் நாளத்தின் உள்ளே

1970-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கேத்தரின் ஃபிரான்சஸ் என்ற கன்னிகாஸ்திரீயின் நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த நீரை எடுத்தார்கள். வயது 69. மார்பகத்தில் தொடங்கிய புற்று நெஞ்சுக்கூடு முழுக்கப் பரவிவிட்டிருந்தது. அந்த நீரில் மிதந்த செல்களை டெட்ராய்ட் நகரத்து மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையில் ஹெர்பர்ட் சோல் வளர்த்துப் பார்த்தார். முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன. இது பிழைத்தது. எம்.சி.எஃப்.-7 என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சகோதரி அதே ஆண்டு இறந்துபோனார். அவருடைய செல்கள் இன்றைக்கும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் புற்றை எப்படி ஊட்டி வளர்க்கிறது, டமாக்சிஃபென் மாத்திரை அதை எப்படி மறிக்கிறது என்பதில் மருத்துவம் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்தச் செல்களிடமிருந்துதான்.

ஆனால் அவை நோய் முற்றிய பிறகு கிடைத்த செல்கள். வீடு முழுக்க எரிந்த பிறகு சாம்பலைக் கிளறி, முதல் பொறி எந்த மூலையில் விழுந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றைய ஆராய்ச்சியின் நிலை அதுதான். கையில் கிடைத்தது முற்றிய கட்டி; அதையும் தட்டையான பிளாஸ்டிக் தட்டில், ஒரே அடுக்காகப் பரப்பி வளர்த்தார்கள். உடம்புக்குள் எந்தச் செல்லும் அப்படி வாழ்வதில்லை.

மார்பகத்தின் உள்ளமைப்பு திராட்சைக் குலை மாதிரி. காம்புகள் பால் நாளங்கள். நுனியில் தொங்கும் பழங்கள் பால் சுரக்கும் நுண்ணறைகள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செஃப்டன் வெலிங்ஸும் அவரோடு இருந்தவர்களும் முழு மார்பகங்களை மெல்லிய வில்லைகளாக அரிந்து, சாயம் ஏற்றி, குறைந்த உருப்பெருக்கத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 1975-ல் வெளியான அவர்களுடைய படத்தொகுப்பு, பெரும்பாலான மார்பகப் புற்றுகள் காம்பும் பழமும் சேருகிற அந்த நுனிப்பகுதியில்தான் தொடங்குகின்றன என்று காட்டியது. பரபரப்பான கருவி எதுவும் இல்லை. கத்தி, சாயம், நுண்ணோக்கி, பொறுமை. இந்த வேலைக்குக் கிடைக்க வேண்டிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்த திருப்பம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் நடந்தது. ஈரானில் பிறந்த மினா பிஸ்ஸெல், செல்லின் குணத்தை அதன் மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை, அது குடியிருக்கும் சூழலும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்று 1980-களின் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தவர். புற்றுநோய் என்றாலே மரபணுப் பிழை என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கேட்டவர்கள் குறைவு.

அவர் செல்களைத் தட்டிலிருந்து எடுத்து மேட்ரிஜெல் என்ற கூழுக்குள் வைத்தார். எலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து எடுக்கும் புரதக் கூழ் அது. பனிக்கட்டிமேல் வைத்திருக்கும்வரை தண்ணீராக ஓடும். உடம்புச் சூட்டுக்கு வந்தால் பாலாடைக்கட்டி போல இறுகிவிடும். அதனால் உறிஞ்சும் குழாயின் நுனியைக்கூடக் குளிர்வித்து வைத்துக்கொண்டு அவசரமாக வேலை செய்ய வேண்டும். அந்தக் கூழில் விட்ட நலமான மார்பகச் செல், பத்து நாளைக்குள் ஒரு சின்னப் பந்தாகிறது. செல்கள் வட்டமாக வரிசைகட்டி நின்று, பெருகுவதை நிறுத்திக்கொள்கின்றன. புற்றுச் செல்லோ நிற்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒழுங்கில்லாத குவியலாகிறது. தட்டையான தட்டில் இரண்டையும் பிரித்தறிவதே கடினம். கூழுக்குள் வைத்தால் நுண்ணோக்கியில் பார்த்ததுமே வேறுபாடு தெரிந்துவிடுகிறது. பிஸ்ஸெலும் டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே பீட்டர்சனும் இதை 1992-ல் வெளியிட்டார்கள்.

1997-ல் பிஸ்ஸெலின் ஆய்வகத்திலிருந்து வந்தது இன்னும் வியப்பு. செல் தன்னைச் சுற்றியுள்ள சவ்வைப் பற்றிக்கொள்ள உதவும் ஒரு புரதக் கொக்கி உண்டு. புற்றுச் செல்களில் அந்தக் கொக்கியை ஒரு எதிர்ப்புரதத்தால் அடைத்தார்கள். குவியலாகக் கிடந்தவை அடங்கி, வட்டமாக நின்றன, பெருகுவது நின்றது. மரபணுவில் இருந்த பிழைகள் அப்படியே இருந்தன. எதிர்ப்புரதத்தை நீக்கியதும் பழைய குணம் திரும்பியது. பிழை சுமந்த செல்லையும் அக்கம்பக்கம் கட்டிப்போட முடியும் என்பது அன்றைக்கு உறுதியானது.

எம்.சி.எஃப்.-7-ஐ வளர்த்த அதே சோலின் குழு 1990-ல் எம்.சி.எஃப்.-10ஏ என்ற இன்னொரு செல்வரிசையை வெளியிட்டது. இது புற்று இல்லாத ஒரு பெண்ணின் மார்பகத்திலிருந்து வந்தது. ஹார்வர்டில் ஜோன் பிரக்கியின் ஆய்வுக்கூடத்தில் செந்தில் முத்துசாமியும் மற்றவர்களும் இந்தச் செல்களைப் பந்தாக வளரவிட்டார்கள். பந்தின் நடுவிலிருக்கும் செல்கள் தாமே மடிந்து, பால் நாளம் போல உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அப்படி அடங்கி நின்ற பந்தில் ஹெர்-2 என்ற ஒரே ஒரு புரதத்தை மட்டும் முடுக்கிவிட்டார்கள். செல்கள் மறுபடியும் பெருகத் தொடங்கி, வெற்றிடம் நிரம்பிப்போனது. ஆனால் சுவரை உடைத்து வெளியே வரவில்லை. 2001-ல் வெளியான அந்தப் படங்களைப் பார்த்தால், நோயாளியிடம் எடுத்த பயாப்ஸியில் டி.சி.ஐ.எஸ். என்று மருத்துவர்கள் எழுதும் நிலைதான் கண்முன் நிற்கும்: நாளத்துக்குள் புற்றுச் செல்கள் நிரம்பியிருக்கும், நாளச் சுவர் உடையாமல் இருக்கும்.

இந்த நிலை இன்றைய பெண்களுக்கு ஏட்டுச் செய்தி இல்லை. கையில் தட்டுப்படுகிற கட்டியோடுதான் பெண்கள் வந்தார்கள் என்றிருந்த காலத்தில் டி.சி.ஐ.எஸ். அபூர்வம். அன்றைய சிகிச்சையும் கடுமையானது: 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹால்ஸ்டெட் நிலைநாட்டிய அறுவை, மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றியது; முக்கால் நூற்றாண்டு அதுவே வழக்கம். மேமோகிராம் பரவிய பிறகு, அமெரிக்காவில் கண்டறியப்படும் மார்பகப் புற்றுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று டி.சி.ஐ.எஸ். எது சுவரை உடைக்கும், எது ஆயுள் முழுக்க உள்ளேயே கிடக்கும் என்று தெரியாததால், ஏறக்குறைய எல்லாருக்கும் அறுவை. தேவைப்படாமலே கத்திக்குப் போன பெண்களை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆபத்து குறைந்த டி.சி.ஐ.எஸ். உள்ள 957 பெண்களை வைத்து நடந்த காமெட் ஆய்வின் முதல் முடிவு 2024 டிசம்பரில் வந்தது. இரண்டு ஆண்டுகளில் ஊடுருவும் புற்று உண்டானது வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 5.9 சதவீதம் பேருக்கு, உடனே அறுவை செய்யாமல் கண்காணித்த பிரிவில் 4.2 சதவீதம் பேருக்கு. இரண்டு ஆண்டு என்பது குறைந்த காலம்தான், ஆனாலும் "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று ஒரு பெண் கேட்பதற்கு இப்போது இடம் உண்டாகியிருக்கிறது.

ஆய்வுக்கூடம் அதற்குள் இன்னும் பின்னோக்கிப் போய்விட்டது. டெக்சஸில் நிக்கலஸ் நாவினின் குழு, நாளத்துக்குள்ளிருந்தும் வெளியிலிருந்தும் செல்களை இடம் குறித்து ஒவ்வொன்றாக எடுத்து மரபணுவைப் படித்தது. சுவர் உடைவதற்கு முன்பே பெரும்பாலான மாற்றங்கள் உள்ளே நடந்து முடிந்திருந்தன என்று 2018-ல் சொன்னது. அதே குழு 2024-ல், நோயே இல்லாத 49 பெண்களின் திசுவைப் பார்த்தது. அவர்களிடமும் நாளத்துச் செல்களில் சுமார் 3 சதவீதம் குரோமோசோம் கணக்குத் தப்பியிருந்தன. புற்றில் வழக்கமாகக் காணும் அதே மாதிரி மாற்றங்கள்! இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் நலமாகத்தான் இருந்தார்கள். முதல் பொறி விழுவதும் வீடு பற்றிக்கொள்வதும் ஒன்றல்ல என்பதை, பிஸ்ஸெலின் கூழ் சொன்ன சேதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நலமான திசு வேண்டுமே, யார் கொடுப்பார்கள்? இண்டியானாபொலிஸில் கோமன் திசு வங்கி என்று ஒன்று இருக்கிறது. மார்பகத்தில் நோய் இல்லாத பெண்கள் அங்கே தாங்களாக வந்து படுக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, வெற்றிலைக் காம்புபோல மெல்லிய திசுத் துணுக்குகளை எடுக்கிறார்கள். கடைசி மாதவிலக்கு எப்போது, எத்தனை பிள்ளைகள், தாய்க்கோ அக்காவுக்கோ புற்று இருந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். துணுக்கு உறைகுளிரில் காத்திருக்கிறது.