பெரணி இலையின் அடியில் இருப்பது பூச்சியல்ல

நர்சரியில் பச்சைப்பசேலென்று குடைபோல விரிந்திருந்த பெரணிச் செடி, வீட்டுக்கு வந்த இரண்டே மாதத்தில் காய்ந்த ஓலையாகிவிட்டது என்று பலரும் குறைபடுகிறார்கள். 'ஃபெர்ன்' என்று கேட்டால் நர்சரிகளில் பெரும்பாலும் கிடைப்பது பாஸ்டன் பெரணி எனப்படும் நெஃப்ரோலெபிஸ் வகை. முறையாகப் பராமரித்தால் பல ஆண்டுகள் வாழக்கூடிய செடி இது. தண்ணீர் விட மறந்ததால் சாகும் செடிகளைப்போலவே, தேவையில்லாமல் மருந்து தெளித்ததால் சாகும் செடிகளும் உண்டு.

இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் பழுப்பு நிறத்தில் சிறு சிறு புள்ளிகள் இருக்கும். 'செதில் பூச்சி வந்துவிட்டது' என்று பயந்து, வயலுக்கு வாங்கிய மருந்தில் மீதியிருப்பதைக் கலந்து அடித்துவிடுகிறோம். பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. இந்தப் புள்ளிகளில் உருவாகும் வித்துத்தூள் மூலம்தான் அது இனம் பெருக்குகிறது. அதாவது, செடி நன்றாக முதிர்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

பூச்சிக்கும் இதற்கும் வித்தியாசம் காண்பது எளிது. வித்துப் புள்ளிகள் ஒவ்வொரு சிற்றிலையிலும் நடுநரம்பின் இருபுறமும் வரிசை பிசகாமல் ஒரே அளவில் இருக்கும். செதில் பூச்சி அங்கொன்றும் இங்கொன்றுமாக, காம்பிலும்கூட ஒட்டியிருக்கும்; நகத்தால் நெம்பினால் முழுதாகப் பெயர்ந்து வரும். இலையில் பிசுபிசுப்பும் எறும்பு நடமாட்டமும் இருந்தாலும் பூச்சிதான். அப்போதும் ஈரத்துணியால் துடைத்து, அதிகம் தாக்கிய இலைகளை அடியோடு வெட்டி எடுப்பதே நல்லது. பெரணியின் மெல்லிய இலை மருந்தைத் தாங்காமல் கருகும். வேப்ப எண்ணெய்க் கரைசலைக்கூட முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து, சில நாள் பார்த்த பிறகே மற்ற இலைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது காற்றின் ஈரம். ஓசூர், பெங்களூரு போன்ற குளிர்ந்த பகுதிகளில் நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை, ஏப்ரல் மாதத்தில் மதுரையிலோ கரூரிலோ மொட்டைமாடி வெயிலில் வைத்தால் தாங்காது. வடக்குப் பார்த்த வராந்தா, வெளிச்சம் வரும் குளியலறை ஜன்னல், கிணற்றடி மர நிழல் ஆகியவை ஏற்ற இடங்கள். காலை இளவெயில் பட்டால் பாதகமில்லை; உச்சிவெயில் ஆகாது. ஏ.சி. காற்றும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படக்கூடாது.

இலைமேல் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த ஈரம் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அதைவிட, செடி இருக்கும் தொட்டியை அதைவிடப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி, அந்த மணலை நனைத்து வையுங்கள். மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே வழிதான். பக்கத்தில் இன்னும் நாலு செடிகளை நெருக்கி வைத்தால் சுற்றிலும் ஈரப்பதம் கூடும்.

என்ன குறை என்பதை இலையே சொல்லும். நுனி மட்டும் மொறுமொறுவென்று பழுப்பானால் காற்று வறண்டிருக்கிறது. ஓரம் கருகி, தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவமும் தெரிந்தால் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். அது இல்லாதவர்கள் மாதம் ஒருமுறை, கிடைக்கும் நல்ல தண்ணீரைத் தொட்டியின் அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றி உப்பைக் கழுவலாம். இலை முழுதும் மஞ்சளாகி அடித்தண்டு கொழகொழத்தால் தண்ணீர் அதிகம். மேல்மண்ணை விரலால் தொட்டு, ஈரம் குறையத் தொடங்கியதும் ஊற்றுவதே சரியான அளவு. அடியில் உள்ள ஓரிரு பழைய இலைகள் மஞ்சளாவது இயல்பு.

வண்டல், களிமண் இரண்டும் வேண்டாம். தென்னைநார்க் கழிவு, இலைமக்கு, ஆற்றுமணல் மூன்றையும் கலந்து, ஒரு கைப்பிடி மண்புழு உரம் சேர்த்தால் போதும். தென்னைநார்க் கழிவை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய மறக்காதீர்கள்; அதில் உப்பு இருக்கும். யூரியா பக்கமே போக வேண்டாம். 19:19:19 உரம் என்றால் லிட்டருக்கு 1 கிராம், மாதம் ஒருமுறை, அதுவும் ஈரமான மண்ணில்.

முழுதும் காய்ந்த செடியையும் உடனே தூக்கி எறியாதீர்கள். இலைகளை எல்லாம் இரண்டு விரற்கடை உயரம் விட்டு வெட்டி, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருங்கள். கிழங்குத்தண்டு உயிரோடிருந்தால் சில வாரங்களில் சுருண்ட குருத்துகள் எட்டிப் பார்க்கும்.

கொடிக்காலோ, பாக்குத்தோப்போ, நிழல்வலையோ வைத்திருப்பவர்களுக்கு இது கைச்செலவுக்கு உதவும் செடி. மழைக்காலத் தொடக்கத்தில் நன்கு அடைத்த தொட்டியைக் கவிழ்த்து, வேரும் குருத்தும் இருக்கும்படி கத்தியால் மூன்று நான்கு கூறாகப் பிரித்து நடலாம். நூல்போல ஓடும் கொடித்தண்டுகளை மண்ணில் பதித்தாலும் கன்று கிளம்பும். ஆனால் தாய்ச்செடிக்காகக் காப்புக்காட்டுக்குள் போய்ப் பெயர்த்து வராதீர்கள், அது குற்றம். மலைப்பகுதிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: திறந்த வெளிகளில் புதராக மண்டும் பிராக்கன் பெரணியைத் தொடர்ந்து மேயும் மாடுகளுக்குச் சிறுநீரில் ரத்தம் போகும். வீட்டில் வளர்க்கும் பாஸ்டன் பெரணிக்கு அந்த நஞ்சு கிடையாது.

பிரித்து நட்ட கன்றுகளில் புதுக்குருத்து விரிந்த பிறகே விற்பனைக்கு எடுங்கள். வாங்குபவரிடம் இலையைத் திருப்பி அந்தப் பழுப்புப் புள்ளிகளைக் காட்டிக் கொடுங்கள். பூச்சி பிடித்த செடியைத் தந்துவிட்டதாக மறுவாரமே அவர் திரும்பி வரமாட்டார்.