இரவில் எதை அணைக்கிறோம்?

இரவு பத்தரை ஆகிவிட்டால் அப்பா வீட்டைச் சுற்றி வரத் தொடங்கிவிடுவார். தொலைக்காட்சி, மோடம், கைப்பேசி சார்ஜர் என ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே போவார். தோட்டத்து லயத்தில், மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடிய காலத்தில் வளர்ந்தவர். எங்காவது ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. காலையில் என் மகன், “தாத்தா, மறுபடியும் வைஃபையை அடைச்சிட்டீங்களா?” என்று ஆரம்பிப்பான்.

யார் பக்கம் நியாயம் என்று பார்க்க, பிளக்கோடு சேர்த்துச் செருகும் சிறிய மின் அளவுமானி ஒன்றை வாங்கி வந்தேன்.

முதலில் தொலைக்காட்சி. ரிமோட்டில் அணைத்த பின் அது இழுத்தது அரை வாட்தான். ஆண்டு முழுவதும் அப்படியே விட்டாலும் நாலரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு யூனிட் அரை வெள்ளி என்று வைத்துக்கொண்டால் இரண்டு வெள்ளி இருபது காசு. ஒரு தே தாரிக் காசு! கைப்பேசி இல்லாமல் தொங்கும் சார்ஜருக்கு மானியின் எண் அசையவே இல்லை.

அப்பாவின் பழக்கம் தவறல்ல, காலம் மாறிவிட்டது. பழைய குண்டுத் தொலைக்காட்சியும் வீடியோ பிளேயரும் சும்மா இருக்கும்போதே பல வாட் விழுங்கின. அனைத்துலக எரிசக்தி முகமை 1999இல் ‘ஒரு வாட்’ இலக்கை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ஒரு வாட், 2013இல் அரை வாட் என்று பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு வரம்பு கட்டியது. உலகச் சந்தைக்குச் செய்யப்படும் பெட்டிதான் நம் கடைக்கும் வருகிறது. அதனால் நமக்கும் பலன்.

ஆனால், தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த டீகோடர் வேறு கதை. ‘அணைத்த’ நிலையிலும் 12 வாட். ஆண்டுக்கு 105 யூனிட், ஐம்பது வெள்ளிக்கு மேல். அதன் விளக்கு என்னவோ மிகச் சிறியது.

உண்மையான ஆள் சமையலறையில் இருந்தார். இரவு ஒன்பது மணிக்குச் சோறு ஆக்கி, சூடாகவே இருக்கட்டும் என்று ரைஸ் குக்கரைக் காலை ஏழு வரை விட்டுவைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பத்து மணி நேரத்தில் 0.4 யூனிட். தொலைக்காட்சி ஒரு மாதம் சும்மா கிடந்து எடுக்கும் மின்சாரத்தை இது ஒரே இரவில் தின்றுவிடுகிறது. ஆண்டுக்கு எழுபது வெள்ளிக்கு மேல். வீடு முழுக்க அணைத்து வந்த அப்பா இதை மட்டும் தொட்டதே இல்லை. அம்மாவின் ராஜ்ஜியம் அல்லவா!

எல்லாவற்றையும் சுவரில் அணைப்பதும் நல்லதல்ல. மை தெளிக்கும் பிரிண்டரை அதன் பொத்தானில் அணைத்தால்தான் மைமுனை மூடிக்கொள்ளும். சுவரில் பட்டென்று அணைத்தால் மை காய்ந்து அடைக்கும். ஓலெட் தொலைக்காட்சிகள் நாம் அணைத்த பிறகுதான் திரையைச் சீர்செய்துகொள்கின்றன. அதற்குச் சற்று நேரம் தர வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாதான் ஜெயித்தார். மின்னல். நம் நாட்டில் மாலை இடிமழை புதிதல்ல. பக்கத்து வீட்டில் ஒரே இடியில் மோடமும் டீகோடரும் போயின. அவர்கள் சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தார்கள். சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளியை மின்னலின் அழுத்தம் தாண்டிவிடும். கூரைத் தட்டிலிருந்து இறங்கும் கம்பி வழியாகவும் வரும். எனவே, வானம் கறுக்கத் தொடங்கும்போதே பிளக்கையும் அந்தக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். இடி இடிக்கும் நேரத்தில் போய்க் கம்பியைத் தொடக்கூடாது.

இப்போது வீட்டில் ஓர் உடன்பாடு. மழை இல்லாத இரவில் மோடம் ஓடும். டீகோடர் சுவரிலேயே அணைக்கப்படும். மீந்த சோறு ஆறியதும் ஐஸ்பெட்டிக்குப் போகும். தொலைக்காட்சியை விட்டுவிடலாமே என்றேன். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பத்தரைக்கு ‘டக்’ என்று சத்தம் கேட்டது.