சாரணர் விருதும் பாலாற்றங்கரைக் கிணறுகளும்

சாரணர் இயக்கத்தில் ஒரு சிறுவன் அடையத்தக்க மிக உயர்ந்த தகுதி இராஷ்டிரபதி சாரணர் விருதாகும். பிரவேஷ் என்னும் நுழைவு நிலையில் தொடங்கி, மூன்று சோபானங்களைக் கடந்து, ஆளுநர் பெயரால் வழங்கப்படும் இராஜ்ய புரஸ்காரையும் பெற்ற பின்னரே ஒருவன் அதற்கு முயலலாம். இடையே முடிச்சுகளும், முதலுதவியும், வரைபடமும் கற்க வேண்டும். ஊருக்குப் பயன்படும் சேவையும் செய்தாக வேண்டும். சாரணியருக்கும் இத்தகைய படிகளே உள்ளன. அமெரிக்காவில் ஈகிள் சாரணன் எனப் பெயர் பெறுபவன், 21 திறமைச் சின்னங்களோடு, தானே திட்டமிட்டுப் பிறரை நடத்திச் சென்று ஒரு பொதுப்பணியை முடித்துக் காட்ட வேண்டும்.

நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் இவ்விதழில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். சாரணச் சிறுவன் பருமனில் வேறுபட்ட இரு கயிறுகளை இணைக்கக் கற்கும் முடிச்சு, குடியாத்தத்துத் தறிகளில் அறுந்த பாவு நூலை இணைக்கும் முடிச்சின் அமைப்பையே உடையது. சாரணர் விதிகள் ஒன்பதில் ஒன்று சிக்கனம். பொதுச்சொத்தைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நம் சங்கக் கூட்டங்களில் எத்தனை முறை வலியுறுத்தியிருக்கிறோம்!

1907ஆம் ஆண்டு பேடன் பவல் இருபது சிறுவர்களைக் கொண்டு பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமிலிருந்து இவ்வியக்கம் வளர்ந்தது. இந்தியாவில் அது தொடக்கத்தில் ஐரோப்பியச் சிறுவர்களுக்கே உரியதாயிருந்தது. 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார். வடக்கே மதன்மோகன் மாளவியாவும் குன்ஸ்ருவும் சேவா சமிதிச் சாரணரை உருவாக்கினர். பிரிந்து நின்ற அமைப்புகள் 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றிணைந்தன. சாரணியர் அமைப்பு அடுத்த ஆண்டு சேர்ந்தது.

இனி, சேவை எது என்னும் வினாவுக்கு வருவோம். மரக்கன்று நடுவது நல்ல காரியமே. ஆனால் நட்ட அன்றைய புகைப்படத்தைக் காட்டிலும், இரண்டாம் கோடைக்குப் பின் உயிரோடு நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கையே நமக்கு வேண்டும். சங்கக் கணக்கைத் தணிக்கை செய்யும் கண்ணோடு பார்ப்பதால் இப்படித் தோன்றுகிறது போலும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக்கு உரிய பணி கிணறுகளில் இருக்கிறது. தோல் பதனிடும் கழிவுநீரால் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததாகக் கூறும் ஆய்வொன்றை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் அளித்த தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது. ஆயினும் தன் கிணற்று நீரில் இன்று உப்பு எவ்வளவு என்று எத்தனை விவசாயிகள் எண்ணாலே சொல்ல வல்லர்?

அதைக் கண்டறிவது பதினான்கு வயதுப் பையனால் ஆகக்கூடிய வேலை. கையடக்கமான மின்கடத்துதிறன் அளவுகோலை நீரில் நனைத்தால் எண் தெரியும். மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குக் கீழ் எனில் உப்பினால் பயிருக்கு இடையூறில்லை. 3க்கு மேல் எனில் கடுமையான தொல்லை. பருத்தி ஓரளவு தாங்கும். அவரை வகைகள் தாங்கமாட்டா. எண் கையிலிருந்தால் விதை வாங்குமுன் யோசிக்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வோம். கழிவுநீர் ஓடைகளிலும் கசடுத் தொட்டிகளின் அருகிலும் சிறுவர்களை அனுப்பலாகாது. 2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். ஆழ்கிணற்றிலும் இறங்கவேண்டியதில்லை, உரிமையாளர் இறைத்துத் தரும் நீரையே அளந்தால் போதும், பெரியவர் ஒருவர் உடனிருக்க.

கருவியைச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து வாங்கலாம். துணைவிதிகள் இடம் தருகின்றனவா என்பதை நிர்வாகக் குழு முன்னதாகப் பார்த்துக்கொள்ளட்டும். அங்கத்தினர்களின் கிணற்றுப் பட்டியலைச் செயலாளர் பள்ளிச் சாரண ஆசிரியரிடம் ஒப்படைத்தால், ஓரணிக்குப் பத்துக் கிணறுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். சித்திரையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறை அளந்து, பதிவேட்டைச் சங்க அலுவலகத்திலேயே வைக்க வேண்டும். விருது பெற்ற பையன் மேற்படிப்புக்கு வெளியூர் போன பிறகும் அடுத்த அணி அதே ஏட்டில், அடுத்த வரியிலிருந்து எழுதத் தொடங்கலாம்.