விசா பேராசிரியர் கையில் இல்லை

உயிர்மருத்துவத்தில் பிஎச்.டி. முடித்து, ஜே-1 விசாவில் அமெரிக்க லேப்களுக்கு போஸ்ட்டாக் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அங்கே பேராசிரியர் வாட்டி எடுத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். அவரைப் பகைத்துக்கொண்டால் விசா போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தில் பாதிதான் உண்மை.

ஜே-1 விசாவுக்கு அடிப்படையான உங்கள் டிஎஸ்-2019 படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்பான்சர் என்ற இடத்தில் பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். கையெழுத்து அந்த நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரியுடையது, பேராசிரியருடையது அல்ல. சம்பளம் அவருடைய கிராண்ட்டிலிருந்து வரலாம். வேலையை நீட்டிக்காமல் விடவும் அவரால் முடியும். ஆனால் வேறு பல்கலைக்கழகம் உங்களை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்து, இப்போதைய ஸ்பான்சரும் விடுவித்தால், நாட்டை விட்டு வெளியேறாமலே அங்கே மாறலாம். படிவத்தில் உள்ள கடைசித் தேதிக்கு முன், இடைவெளி விழாமல் மாற வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பேச வேண்டிய இடம் சர்வதேச மாணவர், ஆய்வாளர் அலுவலகம். பிரச்சினை முற்றும் முன்பே போய்ப் பேசுங்கள்.

உண்மையான ஆபத்து கோபத்தில் ராஜினாமா செய்வதில்தான் இருக்கிறது. போஸ்ட்டாக்குகள் வழக்கமாகப் போகும் ஜே-1 ரிசர்ச் ஸ்காலர் பிரிவுக்கு அதிகபட்சம் 5 ஆண்டுகள். ஒரே வருடத்தில் விட்டுவிட்டு ஊர் திரும்பினால் மீதி 4 ஆண்டுகள் காத்திருக்காது. அடுத்த 24 மாதங்களுக்கு அதே பிரிவில் மீண்டும் போகவும் முடியாது. இதைச் சொந்த நாட்டில் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்ற விதியோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. எந்த நாட்டின் எந்தத் துறையினர் திரும்ப வேண்டும் என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் துறைப் பட்டியலின் பேரில் அந்த விதிக்கு உட்பட்டிருந்த நாடுகளில் இருந்து இந்தியா 2024 டிசம்பரில் நீக்கப்பட்டது. அரசு நிதியில் போகிறவர்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

கிளம்பும் முன் சம்பளத்தையும் காப்பீட்டையும் ஆஃபர் லெட்டரில் எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.ஹெச். தன் பயிற்சி மானியங்களில் முதல் வருட போஸ்ட்டாக்குக்கு 2024இல் நிர்ணயித்த தொகை 61,008 டாலர்; அது எல்லா லேப்களையும் கட்டுப்படுத்தாது, ஆனால் பேரம் பேச நல்ல அளவுகோல். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1 லட்சம் டாலர் காப்பீடு ஜே-1 விதிப்படி கட்டாயம், உடன் வரும் மனைவிக்கோ கணவருக்கோ குழந்தைகளுக்கோ கூட. வேலை தருவதாகச் சொல்லி உங்களிடமே பணம் கேட்டால் அது மோசடி.

பேப்பரில் உங்கள் பெயரை விட்டுவிட்டார்களா? மனம் கொதிக்கும். ஆனால் ஆய்வு நேர்மைக்கான அமெரிக்க அரசு அலுவலகம் பொய்த்தரவு, தரவுத் திருத்தம், கருத்துத் திருட்டு ஆகியவற்றையே கையாளும். பெயர்ச் சண்டையை எடுக்காது. அதற்குப் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். போஸ்ட்டாக் சங்கம் இருந்தால் சேருங்கள். 2022இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்களும் மாணவ ஊழியர்களுமாக 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்துதான் சம்பள உயர்வு பெற்றார்கள்.

மாறுதலுக்கான ஒப்புதல் கைக்கு வராமல் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.